512 பைட்டுக்குள் ஒரு விலாசம்

"புது டிஸ்க் வாங்கியாச்சு. பழசுல இருக்கிற எல்லா ஃபைலையும் செலக்ட் ஆல் போட்டு காப்பி பண்ணி புதுசுல பேஸ்ட் பண்ணியாச்சு. அப்புறமும் ஏன் லேப்டாப் பூட் ஆக மாட்டேங்குது?"

வருஷத்துக்கு நாலு பேராவது இந்தக் கேள்வியைக் கேட்டுடறாங்க. ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் லினக்ஸும் வச்சிருக்கிற ஆளா இருந்தா கேள்வி இன்னும் சோகமா இருக்கும். ஒண்ணு வருது, இன்னொண்ணு வரலை. இல்லைன்னா ரெண்டுமே வராம, கறுப்புத் திரையில் ஒரு கோடு மட்டும் கண் சிமிட்டிக்கிட்டு நிக்குது. வேலை, போட்டோ, பாதி எழுதின ப்ராஜெக்ட் எல்லாம் அதுக்குள்ளதான்.

டிஸ்கி: எந்த பட்டனை எப்ப அமுக்கணும்னு சொல்ற பதிவு இல்லைங்க இது. அதுக்கு ஆயிரம் இடம் இருக்கு. ஏன் இப்படி ஆகுதுங்கிற பழங்கதை. கொஞ்சம் நீளம்தான், டீ எடுத்துக்கிட்டு உக்காருங்க.

சுருக்கமான பதில் இதுதான். இயங்குதளம் என்பது வெறும் கோப்புகளின் மூட்டை இல்லை. "நான் எங்கே இருக்கேன்" என்கிற விலாசத்தையும் அது நாலைந்து இடத்தில் எழுதி வச்சிருக்கு. சாமானை மட்டும் புது வீட்டுக்கு ஏத்திட்டு விலாசத்தை மாத்தலைன்னா போஸ்ட்மேன் பழைய வீட்டுக் கதவைத்தான் தட்டுவார். அந்த விலாசத்தை யார், எங்கே, எப்படி எழுதினாங்க என்பதுதான் நாற்பது வருஷக் கதை.

1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன்னோட முதல் பிசியை வெளியிட்டபோது அதில் வன்தட்டே கிடையாது. ஃப்ளாப்பிதான். அதுவும் இல்லாதவங்களுக்கு ஒலிநாடா! மெஷினை ஆன் பண்ணினா பயாஸ் செய்யறது ஒரே வேலை. ஃப்ளாப்பியின் முதல் செக்டாரை, அதாவது 512 பைட்டை, படிச்சு நினைவகத்தில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் வைக்கும். பிறகு "இனி உன் பாடு" என்று அங்கே குதிச்சுடும். ஹெக்ஸில் 7சி00 என்று சொல்ற அந்த இடம் எப்படி வந்தது தெரியுமா? டாஸ் ஓட குறைந்தது 32 கேபி நினைவகம் வேணும்னு வச்சுக்கிட்டாங்க. அதில் கடைசி 1 கேபியை பூட் நிரலுக்கும் அதோட தேவைக்கும் ஒதுக்கினாங்க. 32ல் 1 போனா 31 கேபி. அதுதான் 7சி00. அவ்வளவுதான் கணக்கு. அந்த 32 கேபி மெஷின் மியூசியத்துக்குப் போய் பல வருஷம் ஆச்சு. ஆனா பழைய பயாஸ் முறையில் பூட் ஆகிற எந்தக் கணினியும் அந்த 31வது கேபிக்குத்தான் குதிக்கும்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

1983 மார்ச்சில் பிசி எக்ஸ்டி வந்தது. 10 எம்பி வன்தட்டு! இன்னிக்கு ஒரு கல்யாண போட்டோவைப் போட்டாலே நிரம்பிடும். அன்னிக்கு அது கடல். அதோடு வந்த டாஸ் 2.0ல்தான் எஃப்டிஸ்க் என்கிற கருவியும் பார்ட்டிஷன் டேபிள் என்கிற சங்கதியும் பிறந்தது. வன்தட்டின் முதல் 512 பைட்டை மூணாப் பிரிச்சாங்க. 446 பைட் நிரலுக்கு. 64 பைட் பார்ட்டிஷன் பட்டியலுக்கு. கடைசி 2 பைட், "இது செல்லுபடியாகும் செக்டார்தான்" என்று காட்டுற முத்திரைக்கு (55, ஏஏ). பட்டியலில் ஒரு பார்ட்டிஷனுக்கு 16 பைட், ஆக மொத்தம் நாலு பார்ட்டிஷன். பிரைமரி பார்ட்டிஷன் நாலுக்கு மேல போட முடியலையேன்னு நாம 2010 வரைக்கும் புலம்பினோமே, அந்த நாலு இந்த நாலுதான்.

இங்கே ஒரு சுவாரசியம் இருக்கு. 10 எம்பி டிஸ்கை எதுக்கு நாலாப் பிரிக்கணும்? டாஸ் 2.0க்கு அந்த நாலில் ஒண்ணை மட்டும்தான் பயன்படுத்தத் தெரியும். மத்ததெல்லாம் யாருக்கு? சிபிஎம்-86, ஜெனிக்ஸ் மாதிரி வேற இயங்குதளங்களுக்கு! அப்ப பிசியில் எது ஜெயிக்கும்னு யாருக்கும் நிச்சயமாத் தெரியாது. அதனால ஒரு டிஸ்கை நாலு பேர் பங்கு போட்டுக்கட்டும்னு இடம் விட்டாங்க. "இப்ப யார் பூட் ஆகணும்" என்று காட்ட ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு கொடி பைட்டும் வச்சாங்க. ஆக ட்யூவல் பூட் என்பது லினக்ஸ்காரங்க பிற்பாடு கண்டுபிடிச்ச குறுக்கு வழி இல்லை. வன்தட்டு பிசிக்குள்ள வந்த நாள்லயே அதுக்கான பட்டா போட்டாச்சு. சண்டையெல்லாம் பின்னாடி வந்தது.

முதல் செக்டாரில் இருக்கிற நிரல் செய்யற வேலையும் அழகு. பயாஸ் தன்னை 7சி00ல் கொண்டுவந்து வைக்கும். இது முதல் வேலையா தன்னையே நினைவகத்தில் வேற இடத்துக்கு நகல் எடுத்துக்கிட்டு அங்கே குடி போயிடும். பிறகு கொடி வச்ச பார்ட்டிஷனின் முதல் செக்டாரைப் படிச்சு, தான் காலி பண்ணின அதே 7சி00ல் உட்கார வைக்கும். வர்றவனுக்குத் தனக்கு முன்னாடி ஒருத்தன் அங்கே இருந்ததே தெரியாது. ஃப்ளாப்பியில் இருந்து நேரா வந்த மாதிரியே நினைச்சுக்கும். 446 பைட்டுக்குள்ள இவ்வளவு நாகரிகம்!

இப்ப விலாசத்துக்கு வருவோம். அந்த 16 பைட் பதிவில் ஒரு பார்ட்டிஷன் எங்கே ஆரம்பிக்குதுன்னு ரெண்டு விதமா எழுதியிருக்கும். ஒண்ணு சிலிண்டர், ஹெட், செக்டார். அதாவது "மூணாவது தெரு, ரெண்டாவது மாடி, அஞ்சாவது கதவு" என்கிற மாதிரி. இன்னொண்ணு ஆரம்பத்தில் இருந்து எத்தனையாவது செக்டார் என்கிற நேர் எண். முதல் முறையில் சிலிண்டருக்கு 10 பிட்தான், அதனால 1024 தெருவுக்கு மேல கிடையாது. பயாஸ் ஒரு கணக்கு வச்சிருந்தது, ஐடிஇ டிஸ்க் வேற கணக்கு வச்சிருந்தது. ரெண்டுக்கும் பொதுவான சின்ன எண்களை எடுத்துப் பெருக்கினா 1024 x 16 x 63 x 512. கிட்டத்தட்ட 528 எம்பி. 90களின் நடுவில் பெரிய டிஸ்க் வாங்கினவங்க முட்டிக்கிட்ட சுவர் இதுதான். அதைத் தாண்ட பயாஸ் பொய்க் கணக்கு சொல்ல ஆரம்பிச்சது. டிஸ்கில் 16 ஹெட்னா "255 ஹெட் இருக்கு" என்று சொல்லும். அப்ப சுவர் 8.4 ஜிபிக்குத் தள்ளிப் போச்சு. ஆனா இந்தப் பொய்யை ஒவ்வொரு பயாஸும் ஒவ்வொரு மாதிரி சொன்னதில் ஒரு வினை இருந்தது. ஒரு மெஷினில் பார்ட்டிஷன் போட்ட டிஸ்கை இன்னொரு மெஷினில் மாட்டினா "மூணாவது தெரு" எங்கேயோ இருக்கும்.

லினக்ஸ் வந்த கதையை இதோட சேர்த்துப் பாருங்க. 1991ல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி வச்சதை வன்தட்டில் இருந்து எழுப்ப, வெர்னர் அல்மெஸ்பெர்கர் 1992 வாக்கில் லிலோவை எழுதினார். லிலோவுக்கு ஃபைல் சிஸ்டம் என்றால் என்னன்னே தெரியாது. கோப்புப் பெயரும் தெரியாது, டைரக்டரியும் தெரியாது. நீங்க லிலோ கட்டளையை ஓட்டும்போது, கெர்னல் கோப்பு டிஸ்கில் எந்தெந்த செக்டாரில் இருக்கோ அதையெல்லாம் ஒரு பட்டியலா எழுதி வச்சுக்கும். அடுத்த தடவை மெஷின் எழும்போது அந்தப் பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு செக்டாரா பொறுக்கி எடுக்கும். கண்ணு தெரியாதவர் வீட்டுக்குள்ள அடி எண்ணி நடக்கிற மாதிரி. கச்சிதமா நடப்பார். நாற்காலியை ஒரு அடி நகர்த்தினீங்கன்னா போச்சு.

லிலோ தன் பெயரின் நாலு எழுத்தையும் மொத்தமா காட்டாது. ஒவ்வொரு கட்டம் தாண்டும்போதும் ஒவ்வொரு எழுத்து. அந்தக் காலத்து லினக்ஸ் ஆசாமிகளுக்கு இது நாடி பிடிச்சுப் பார்க்கிற மாதிரி. முதல் எழுத்தோட நின்னா இரண்டாம் கட்டத்தையே எடுக்க முடியலைன்னு அர்த்தம். ரெண்டு எழுத்தோட, "லி" என்று நின்னா, இரண்டாம் கட்டத்தை எடுத்தாச்சு, ஓட்ட முடியலை. லிலோவோட ஆவணத்திலேயே இதுக்கு ரெண்டு காரணம் சொல்லியிருப்பாங்க. ஒண்ணு, மேலே சொன்ன தெரு-மாடி கணக்கு பொருந்தலை. ரெண்டு, பூட் கோப்பை இடம் மாத்திட்டு லிலோவை மறுபடி ஓட்டலை. டிஸ்க் மாத்தறவங்க ரெண்டையும் ஒரே நேரத்தில் செய்வாங்க! கோப்பெல்லாம் ஒண்ணு விடாம புது டிஸ்கில் இருக்கும். எல்லாம் சரியா இருக்கும். ஆனா "லி" என்று காட்டிட்டு மெஷின் சிலையா நிக்கும். ஃப்ளாப்பியிலோ சிடியிலோ எழுப்பி, புது டிஸ்கை மவுன்ட் பண்ணி, அதுக்குள்ள இருந்து லிலோவை ஒரு தடவை ஓட்டினா உயிர் வந்துடும். மருந்து சின்னதுதான். ஆனா தெரிஞ்சிருக்கணுமே. தெரியாம எத்தனை பேர் மொத்தத்தையும் அழிச்சுட்டு முதல்ல இருந்து போட்டிருப்பாங்களோ.

சரி, விண்டோஸ் பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது?

முதலில் அந்த 446 பைட். 95 காலத்து விண்டோஸ் நிறுவி அங்கே யார் இருக்கான்னு கேட்காது. தன் நிரலை எழுதிட்டுப் போயிடும். ஏற்கெனவே லிலோ அங்கே குடியிருந்தா சாமானை வெளியே தூக்கிப் போட்ட கதைதான். "விண்டோஸை முதல்ல போடு, லினக்ஸை அப்புறம் போடு" என்கிற வேதவாக்கு இதனால வந்தது. லினக்ஸ் பூட்லோடர்கள் விண்டோஸுக்கும் ஒரு வரி ஒதுக்கி மெனு காட்டும். எதிர்ப்பக்கம் அந்த மரியாதை இல்லை. இதை வேணும்னே செய்த சதின்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா 1983ல் நாலு பேருக்குப் போட்ட பட்டாவை ஒருத்தர் மட்டும் படிச்சே பார்க்கலை என்பது நிஜம்.

ரெண்டாவது, விண்டோஸ் என்டி பரம்பரை தன் விலாசத்தை எழுதி வச்ச விதம். 2000, எக்ஸ்பி வச்சிருந்தவங்களுக்கு சி டிரைவில் ஒளிஞ்சிருக்கிற பூட்.ஐஎன்ஐ ஞாபகம் இருக்கும். எத்தனையாவது கன்ட்ரோலர், எத்தனையாவது டிஸ்க், எத்தனையாவது பார்ட்டிஷன், எந்த ஃபோல்டர் என்று வரிசையா இருக்கும். பார்ட்டிஷனுக்கு முன்னாடி இன்னொரு பார்ட்டிஷன் புதுசா வந்தா எண் மாறும், எண் மாறினா கோப்பு காணோம்னு அழும். இதையாவது நோட்பேடில் திருத்திடலாம்.

திருத்த முடியாத இடத்தில் இன்னொண்ணு இருந்தது. முதல் செக்டாரில் நிரலுக்கு 446 பைட்டுன்னு சொன்னேன் இல்லையா? என்டி வந்தப்புறம் அதோட வாலில் 4 பைட்டை எடுத்து டிஸ்குக்கு ஒரு கையெழுத்து போட்டாங்க. டிஸ்க் சிக்னேச்சர். எந்தக் கையெழுத்துள்ள டிஸ்கில், எத்தனையாவது பைட்டில் ஆரம்பிக்கிற பார்ட்டிஷனுக்கு எந்த டிரைவ் எழுத்து என்பதை விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் குறிச்சுக்கும். இப்ப ஒரு காட்சி பாருங்க. எக்ஸ்பியை புது டிஸ்குக்கு க்ளோன் பண்றீங்க. ரெண்டு டிஸ்கும் மாட்டியிருக்கும்போதே புதுசில் இருந்து பூட் பண்றீங்க. ரெஜிஸ்ட்ரியும் நகல்தானே, அதில் "சி என்பது பழைய டிஸ்க்" என்று எழுதியிருக்கு. பழைய டிஸ்கும் கண் முன்னாடி இருக்கு. அதனால புது விண்டோஸ் எழுந்து, பழைய டிஸ்கையே சி என்று எடுத்துக்கிட்டு, தனக்கு வேற எழுத்து கொடுத்துக்கும். பழைய வீட்டிலேயே சாப்பிட்டு புது வீட்டில் வந்து தூங்கற ஆசாமி மாதிரி. எல்லாம் நல்லா ஓடுற மாதிரியே இருக்கும். ஒரு வாரம் கழிச்சு பழைய டிஸ்கைக் கழட்டினதும் லாகின் திரையில் வந்து நிக்கும். பாஸ்வேர்டு போட்டா உள்ளே போன வேகத்தில் வெளியே வரும், உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே...

இதுக்கு அன்னிக்கு கைவசம் இருந்த வைத்தியம் ரொம்ப வேடிக்கை. விண்டோஸ் 98 பூட் ஃப்ளாப்பி ஒண்ணைத் தேடிப் பிடிச்சு, எஃப்டிஸ்கை எம்பிஆர் ஆப்ஷனோட ஓட்டுவாங்க. அதுக்கு டிஸ்க் சிக்னேச்சர் என்கிற சமாசாரம் தெரியாது. பூட் நிரலைப் புதுப்பிக்கும்போது அந்த 4 பைட்டையும் அழிச்சிடும். எக்ஸ்பி எழுந்து பார்த்தா கையெழுத்தே இல்லை. சரி, புதுசா எழுதிக்குவோம்னு டிரைவ் எழுத்தையெல்லாம் மறுபடி கொடுக்கும். வியாதியைக் குணப்படுத்தினது அறியாமை!

விஸ்டா (2007) வந்தப்புறம் பூட்.ஐஎன்ஐ போய் பிசிடி என்கிற பைனரி கோப்பு வந்தது. அதிலும் கையெழுத்தும் ஆரம்ப இடமும்தான். விண்டோஸ் 7ல் ஒரே கையெழுத்துள்ள ரெண்டு டிஸ்கை ஒண்ணா மாட்டினா ஒண்ணை ஆஃப்லைனில் வச்சிடும். "அட, இதை ஆன்லைன் பண்ணுவோமே" என்று க்ளிக் பண்ணினா அந்த டிஸ்குக்குப் புதுக் கையெழுத்து போட்டுடும். நீங்க பாடுபட்டு எடுத்த க்ளோன் அந்த ஒரு க்ளிக்கில் பூட் ஆகாம போயிடும். க்ளோன் முடிஞ்சதும் மெஷினை ஆஃப் பண்ணி, பழைய டிஸ்கைக் கழட்டி வச்சிட்டுத்தான் முதல் பூட் செய்யணும்னு பெரியவங்க சொல்றது இதனாலதான்.

லினக்ஸ் பக்கம் அதுக்குள்ள க்ரப் வந்தாச்சு. எரிக் போலின் 1995ல் ஹர்ட் கெர்னலுக்காக எழுதினது, 1999ல் குனு திட்டத்தோட அதிகாரபூர்வ மென்பொருளாச்சு. லிலோ குருடாக அடி எண்ணி நடந்ததுன்னா க்ரப்புக்குக் கண் இருந்தது. ஃபைல் சிஸ்டத்தைப் படிச்சு, பெயரைச் சொல்லிக் கோப்பைத் தேடும். கெர்னல் கோப்பு டிஸ்குக்குள்ள எங்கே நகர்ந்தாலும் கவலையில்லை.

ஆனா கண் வைக்க இடம் வேணுமே! 446 பைட்டில் ஃபைல் சிஸ்டம் படிக்கிற நிரலை அடைக்க முடியாது. அங்கேதான் ஒரு புறம்போக்கு நிலம் கண்ணில் பட்டது. ட்ராக் கணக்குக்காக முதல் பார்ட்டிஷன் 63வது செக்டாரில்தான் ஆரம்பிக்கும். முதல் செக்டாருக்கும் அதுக்கும் நடுவில் 62 செக்டார், சுமார் 31 கேபி, சும்மா கிடந்தது. எந்தப் பார்ட்டிஷனுக்கும் சொந்தமில்லை. க்ரப் அங்கே குடிசை போட்டது. பட்டா இல்லாத நிலம்னா என்ன ஆகும்? வேற ஆளும் வருவான். சில விண்டோஸ் மென்பொருட்களின் லைசென்ஸ் பாதுகாப்பு நிரல்கள், தங்கள் ரகசியக் குறியை அதே புறம்போக்கில் ஒரு செக்டாரில் போய் எழுத ஆரம்பிச்சது. விண்டோஸில் ஏதோ ஒரு மென்பொருளைத் திறந்திருப்பீங்க, மறுநாள் லினக்ஸ் வராது. ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கும்னு யார் நினைப்பாங்க? கடைசியில் க்ரப் 2ல், சிடியில் கீறலைச் சமாளிக்கப் பயன்படுத்துற ரீட்-சாலமன் பிழைதிருத்தத்தைப் போட்டு, யாராவது நடுவில் ஒரு செக்டாரைக் கெடுத்தாலும் பிழைச்சுக்கிற மாதிரி செஞ்சாங்க. ஒரு பூட்லோடருக்கு இந்த நிலைமை!

இன்னொரு விலாசப் பிரச்சினை டிஸ்கோட பெயர். ஐடிஇ டிஸ்க்னா லினக்ஸில் ஹெச்டிஏ, சாட்டா, ஸ்கஸி, யூஎஸ்பின்னா எஸ்டிஏ. 2007 வாக்கில் கெர்னலின் புது டிரைவர்களோட ஐடிஇ டிஸ்கும் எஸ்டிஏ ஆயிடுச்சு. டிஸ்கை மாத்தவே இல்லை, அப்டேட் மட்டும்தான் பண்ணினாங்க. இருந்தும் எஃப்ஸ்டாப் கோப்பில் பழைய பெயர் இருந்தவங்களுக்கு ரூட் பார்ட்டிஷனைக் காணோம். சென்னையில் ஒவ்வொரு கதவிலும் "பழைய எண் 14, புதிய எண் 27" என்று எழுதியிருக்குமே, அந்தக் குழப்பம். இதுக்காகத்தான் யூயூஐடி என்கிற 128 பிட் அடையாள எண்ணைப் பயன்படுத்த ஆரம்பிச்சாங்க. இது கதவு எண் இல்லை. ஆதார் எண் மாதிரி. ஃபைல் சிஸ்டத்தோட கூடவே போகும். எந்தப் போர்ட்டில் மாட்டினாலும் அதே எண். என்னைக் கேட்டா, இந்த நாற்பது வருஷக் கதையில் உருப்படியா நடந்த மாற்றம் இதுதான்னு சொல்வேன். "எங்கே இருக்கே"ன்னு கேட்பதை விட்டுட்டு "நீ யார்"னு கேட்க ஆரம்பிச்சது.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சம். டிஸ்கை அப்படியே நகல் எடுத்தா ஆதாரும் நகலாகும். ஒரே எண்ணில் ரெண்டு பேர். ரெண்டு டிஸ்கையும் மாட்டினா எதை எடுக்கும்னு சொல்ல முடியாது. பிடிஆர்எஃப்எஸ் மாதிரி ஃபைல் சிஸ்டமா இருந்தா ரெண்டையும் குழப்பிக்கிட்டு டேட்டாவையே நாசம் பண்ற அபாயமும் உண்டு.

நகல் எடுக்கிற கருவிகளைப் பத்தி ரெண்டு வரி. யூனிக்ஸின் டிடி 1970களில் இருந்து இருக்கு. எதையும் யோசிக்காம முதல் பைட்டில் இருந்து கடைசி பைட் வரைக்கும் அள்ளும். மூலம், இலக்கு ரெண்டையும் மாத்திக் கொடுத்தா காலி டிஸ்கை எடுத்து நம்ம டிஸ்க் மேல பூசிடும், அதனால "டிஸ்க் டெஸ்ட்ராயர்" என்கிற பட்டப்பெயரும் உண்டு. நியூசிலாந்தில் மர்ரே ஹஸார்ட் எழுதின கோஸ்ட், 1998ல் சிமான்டெக் கைக்குப் போய் நார்ட்டன் கோஸ்ட் ஆச்சு. தைவானின் தேசிய உயர்திறன் கணினி மையத்தில் இருந்து வந்த க்ளோன்ஜில்லா இன்னிக்கும் பலரோட பென்டிரைவில் இருக்கு. இது பயன்பாட்டில் உள்ள பிளாக்குகளை மட்டும் எடுக்கும், காலி இடத்தைச் சுமக்காது.

இப்படி ஓடிக்கிட்டு இருந்தப்பதான் எஸ்எஸ்டி வந்து 63 என்கிற பழைய எண்ணைக் கேள்வி கேட்டது. எஸ்எஸ்டியும், 2009 கடைசியில் இருந்து வந்த புதுவகை வன்தட்டுகளும் உள்ளுக்குள்ள 4096 பைட் அல்லது அதைவிடப் பெரிய கட்டங்களா வேலை செய்யும். 63 x 512 = 32,256. இது 4096ஆல் மீதியில்லாம வகுபடாது. அதாவது ஒவ்வொரு கட்டமும் கோட்டுக்கு அந்தப் பக்கம் பாதி, இந்தப் பக்கம் பாதி. ஒண்ணு எழுத ரெண்டைத் தொடணும். அதனால விஸ்டாவில் இருந்து முதல் பார்ட்டிஷனை 2048வது செக்டாரில், சரியா 1 எம்பியில், ஆரம்பிக்கிற வழக்கம் வந்தது. லினக்ஸ் கருவிகளும் பின்னாடியே மாறின. ஆனா எக்ஸ்பி காலத்து டிஸ்கை எஸ்எஸ்டிக்கு மாத்தறவங்களுக்கு இரண்டுங்கெட்டான் நிலைமை. அப்படியே க்ளோன் பண்ணினா பூட் ஆகும், ஆனா எழுதற வேகம் சுணங்கும். 2048க்கு நகர்த்தினா வேகம் வரும், ஆனா பூட் ஆகாது. ஏன்னா என்டிஎஃப்எஸ் தன் முதல் செக்டாரிலேயே "எனக்கு முன்னாடி 63 செக்டார் இருக்கு" என்று எழுதி வச்சிருக்கு. அங்கேயும் ஒரு விலாசம்!

நம்ம ஊரில் ட்யூவல் பூட் என்பது கணினிப் பைத்தியங்களோட விஷயமா மட்டும் இருக்கலை. 2011 செப்டம்பர் 15ல் தமிழக அரசு ஆரம்பிச்ச விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த மெஷின்களில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும், சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸும் ஒண்ணா இருந்தது. 320 ஜிபி வன்தட்டு. ஊர்ப்பக்கம் எத்தனையோ வீட்டில் முதல் கணினியே அதுதான். ஆன் பண்ணினதும் எந்த இயங்குதளம் வேணும்னு கேட்கிற மெனுவோட வந்த மெஷின்! பல வருஷம் கழிச்சு அது மெதுவாயிடுச்சேன்னு 240 ஜிபி எஸ்எஸ்டி வாங்கிப் போட நினைச்சவங்களுக்கு இந்தக் கதை மொத்தமும் குறுக்கே வரும். சின்ன டிஸ்குக்கு டிடி போட்டா பாதியில் நிக்கும், முதலில் பார்ட்டிஷன்களைச் சுருக்கணும். விண்டோஸ் தன் பார்ட்டிஷன் ஆரம்பிக்கிற இடம் மாறக்கூடாதுன்னு சொல்லும். க்ரப்பின் நடுப்பகுதி புறம்போக்கில் இருக்கு, பார்ட்டிஷனை மட்டும் காப்பி பண்ணினா அது வராது. "லினக்ஸ் எதுக்கு, தூக்கிடுவோம்" என்று பல ரிப்பேர் கடையில் ஒரு பார்ட்டிஷனை மட்டும் போட்டுக் கொடுத்தது சோம்பேறித்தனம்னு மட்டும் சொல்லிட முடியாது. ஆனா அந்த லினக்ஸுக்குள்ள அந்தப் பையன் என்ன சேமிச்சு வச்சிருந்தான்னு கேட்டிருக்கலாம்.

சரி, இந்த 512 பைட் ராஜ்ஜியம் எப்படி முடிஞ்சது? பார்ட்டிஷன் பதிவில் நேர் எண்ணுக்கு 32 பிட்தான். 512 பைட் செக்டார் கணக்கில் 2.2 டிபியோட சரி. இன்டெல் 90களின் கடைசியில் ஐட்டானியம் மெஷின்களுக்காக ஆரம்பிச்ச ஈஎஃப்ஐ, 2005ல் பல நிறுவனங்கள் சேர்ந்த அமைப்பின் கைக்குப் போய் யூஈஎஃப்ஐ ஆச்சு. அதோட ஜிபிடி என்கிற புதுப் பட்டியல். வழக்கமா 128 பார்ட்டிஷன், ஒவ்வொண்ணுக்கும் தனி அடையாள எண், பட்டியலுக்கு டிஸ்கோட கடைசியில் ஒரு நகல். புறம்போக்குக் குடிசை வேண்டாம். பூட்லோடர்களுக்குன்னே ஒரு ஃபேட் பார்ட்டிஷன், அதில் விண்டோஸுக்கு ஒரு ஃபோல்டர், உபுண்டுவுக்கு ஒரு ஃபோல்டர். 446 பைட் சண்டை ஓய்ஞ்சது. 1983ல் நினைச்ச பங்காளி உரிமைக்கு ஒருவழியா முறையான இடம் கிடைச்சது.

ஆனா பாருங்க, விலாசம் மறுபடி டிஸ்கை விட்டு வெளியே போயிடுச்சு! எந்தப் பார்ட்டிஷனில் எந்தக் கோப்பை எழுப்பணும் என்பது இப்ப மதர்போர்டில் இருக்கிற நினைவகத்தில் எழுதியிருக்கு. டிஸ்கை அப்படியே க்ளோன் பண்ணினா பார்ட்டிஷன் எண்ணும் அதேதான், பெரும்பாலும் ஓடிடும். புதுசா பார்ட்டிஷன் போட்டுக் கோப்புகளை மட்டும் கொண்டுவந்தா மதர்போர்டில் இருக்கிற வரி செத்த விலாசம். வேற லேப்டாப்பில் மாட்டினா அந்த வரியே கிடையாது. அப்ப எல்லாருக்கும் பொதுவா வச்சிருக்கிற பூட் ஃபோல்டரில் கிடைச்ச ஆளை எழுப்பும், அது விண்டோஸாவும் இருக்கலாம், லினக்ஸாவும் இருக்கலாம். பெரிய டிஸ்குக்கு டிடி போட்டா, பழைய டிஸ்கின் கடைசியில் இருந்த ஜிபிடி நகல் புது டிஸ்கின் நடுவில் அனாதையா கிடக்கும், அதையும் கடைசிக்கு நகர்த்தணும்.

2012ல் விண்டோஸ் 8 லோகோ ஒட்டின மெஷின்களோட செக்யூர் பூட் பரவலாச்சு. அதுக்கப்புறம் விலாசம் தெரிஞ்சா மட்டும் போதாது, கையில் அனுமதிச் சீட்டும் வேணும். லினக்ஸ் விநியோகங்கள் மைக்ரோசாஃப்ட் கையெழுத்திட்ட ஷிம் என்கிற சின்ன நிரலை வச்சு உள்ளே வந்தன. 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் அப்டேட் ஒண்ணு பழைய ஷிம்களைத் தடைசெய்தது. ட்யூவல் பூட் மெஷின்களைத் தொடாதுன்னு மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தது. ஆனா பல பேருக்கு மறுநாள் லினக்ஸ் எழலை. 446 பைட் காலத்து அதே கதை, உடுப்பு மட்டும் வேற.

கூடவே பிட்லாக்கர். 2024ல் வந்த விண்டோஸ் 11 24எச்2ல் இருந்து, மைக்ரோசாஃப்ட் கணக்கோட புதுசா நிறுவினா பெரும்பாலான லேப்டாப்பில் டிஸ்க் குறியாக்கம் தானாவே ஆன் ஆயிடுது. அதோட சாவி மதர்போர்டில் இருக்கிற டிபிஎம் சில்லுக்குள்ள. டிஸ்கை வேற மெஷினுக்கு மாத்தினாலோ, செக்யூர் பூட் அமைப்பை நோண்டினாலோ 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது இல்லைன்னா டிஸ்க் கையில் இருந்தும் உள்ளே இருக்கிறது கிடைக்காது. ஸ்க்ரூடிரைவரை எடுக்கறதுக்கு முன்னாடி அந்த எண்ணை ஒரு பேப்பரில் எழுதி வச்சுக்கங்க, லேப்டாப்புக்குள்ள இல்லை.